இரண்டு சாவி, ஒரு பாஸ்வேர்டு

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இரும்பறையின் முறை தெரியும். அதன் கதவுக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று காஷியரிடம் இருக்கும். மற்றொன்று மானேஜரிடமோ அவருக்கு அடுத்த அதிகாரியிடமோ இருக்கும். இருவரும் சேர்ந்து வந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருவர் லீவில் போகிறார் என்றால் சாவியை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போக மாட்டார். பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதி, வாங்கிக்கொள்பவரின் கையெழுத்தையும் பெற்ற பிறகே கொடுப்பார். இதை அவநம்பிக்கை என்று எவரும் கோபித்துக்கொண்டதில்லை. வழக்கம் அப்படி.

இன்று அதே வங்கியின் பணத்தில் பெரும்பகுதி அந்த அறையில் இல்லை. கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி எட்டு அல்லது பத்து எழுத்துக்கள் கொண்ட ஒரு சொல். அந்தச் சொல்லைச் சிறு மஞ்சள் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கும் ஆபீசுகள் மும்பையில் எத்தனை என்று எண்ணப் புகுந்தால் சர்ச்கேட்டில் தொடங்கி தாதர் வருவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால், "அது இஞ்சினியர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். கடந்த பத்தாண்டுகளில் நடந்த பெரிய களவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் மாறும். பூட்டை உடைத்த கதைகள் அவற்றில் குறைவு. சாவி கைமாறிய கதைகளே அதிகம். அந்தச் சாவிகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் குமாஸ்தாக்கள், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள், ஒப்பந்த ஊழியர்கள். அதாவது, இந்தப் பக்கத்தைப் படிக்கிற நாம்தான்.

அச்சு இயந்திரம் பேசாத இரவு

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 1904-இல் தொடங்கப்பட்டது. தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி அந்த வங்கியின் பெயரால் மூன்று உத்தரவுகள் வெளிநாடுகளுக்குப் போயின. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். வங்கியில் இருந்த எவரும் இந்த உத்தரவுகளை அனுப்பவில்லை.

நாடு விட்டு நாடு பணம் மாற்றுவதற்கு உலக வங்கிகள் 'ஸ்விஃப்ட்' என்ற செய்திப் பரிமாற்ற முறையைக் கையாளுகின்றன. அந்நாளில் தந்தி மணியார்டர் போனதைப் போலத்தான். பணம் தானே பயணம் செய்வதில்லை; "இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்ற செய்தி போகிறது; மறுமுனையில் உள்ள வங்கி அதை நம்பிக் கொடுக்கிறது. செய்தி உண்மையான வங்கியிடமிருந்துதான் வந்திருக்கிறது என்ற நம்பிக்கையே அந்த ஏற்பாட்டின் ஆதாரம். ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகைத் தாள் ஒன்று அனுப்பிய வங்கியின் அச்சு இயந்திரத்தில் வந்து விழும். அன்றைய தினம் அந்த இயந்திரம் வேலை செய்யவில்லை. உள்ளே புகுந்தவர்கள் அதை முடக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கணக்கை நேர் பார்க்க உட்கார்ந்தபோதுதான் இல்லாத உத்தரவுகள் மூன்று தெரியவந்தன. துபாய்க்குப் போன தொகை வழியிலேயே நிறுத்தப்பட்டது. மற்றவற்றுக்காகத் துருக்கியிலும் சீனாவிலும் உள்ள இந்தியத் தூதரக அலுவலகங்களின் உதவியை வங்கி நாட வேண்டி வந்தது.

இதே சூழ்ச்சி அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் டாக்காவில் அரங்கேறியிருந்தது. 2016 பிப்ரவரி 4-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால் நியூயார்க்குக்கு 35 உத்தரவுகள் போயின. மொத்தத் தொகை 95 கோடியே 10 லட்சம் டாலர். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. அங்கும் அச்சு இயந்திரம் ஓடவில்லை. ஏதோ கோளாறு என்று ஊழியர்கள் நினைத்தார்கள். அலுவலகத்தில் அச்சு இயந்திரம் கெட்டுப்போவது ஓர் அதிசயமா என்ன! அந்த அலட்சியத்தைத்தான் திருடர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய் அங்கிருந்த சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. இலங்கைக்குப் போன இன்னொரு 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுபவரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த ஜெர்மானிய வங்கி ஒன்று, இது என்ன எழுத்து என்று விளக்கம் கேட்டது. கணக்குப் பிள்ளைகளின் எழுத்துப்பிழை நோண்டும் குணத்தைக் கேலி செய்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் "சரி"

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கதை. ஏ.டி.எம்.மில் அட்டையைச் செருகியதும், "இந்த அட்டை செல்லுமா? கணக்கில் பணம் இருக்கிறதா?" என்ற கேள்வி வங்கியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இடையில் அந்தக் கேள்வியை வாங்கிக் கொடுத்து, பதிலைத் திருப்பி அனுப்பும் 'ஸ்விட்ச்' என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2018 ஆகஸ்டில் திருடர்கள் அதன் இடத்தில் போலி ஸ்விட்ச் ஒன்றை நிறுத்தினார்கள். உண்மையான வங்கியிடம் கேள்வி போகவே இல்லை. கேட்டதற்கெல்லாம் போலி "சரி, கொடு" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. சில மணி நேரத்தில் 28 நாடுகளில் உள்ள ஏ.டி.எம்.களில் சுமார் 78 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது. இந்தியாவுக்குள் மேலும் இரண்டரைக் கோடி. 13-ஆம் தேதி ஸ்விஃப்ட் வழியாக இன்னும் சுமார் 14 கோடி ஹாங்காங்குக்குப் போயிற்று. ஆக மொத்தம் 94 கோடிக்கு மேல். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் களவை வட கொரியாவின் கணக்கில் எழுதியது.

ஆனால் இங்கே கைதானவர்கள் யார்? போலி அட்டைகளோடு ஏ.டி.எம். வாசலில் நின்று நோட்டுகளை எடுத்தவர்கள். ஏ.டி.எம். மேற்கூரையில் கேமரா இருக்கிறது என்பதைப் பற்றி அவர்களை அனுப்பியவர்களுக்குக் கவலையில்லை. 2023-இல் புனே நீதிமன்றம் 11 பேருக்குத் தண்டனை விதித்தது. திட்டம் போட்ட மூளைகள் எல்லைக்கு வெளியே இருந்தன. "ஒரு அட்டை தருகிறோம், பணத்தை எடுத்துக் கொடு, கமிஷன் உண்டு" என்றோ, "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் கொடு" என்றோ யாராவது வந்தால் இந்தக் கதை ஞாபகத்துக்கு வர வேண்டும். ஊரை விட்டு வந்து வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைத்தான் இத்தகையவர்கள் முதலில் அணுகுகிறார்கள்.

"சார், உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க"

எந்த ஆபீசிலும் நடப்பதுதான். மேலதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார். ஒரு பில் நின்றுபோயிருக்கிறது. "தம்பி, என் பெயரிலேயே உள்ளே போய் முடித்துவிடு, பாஸ்வேர்டு தெரியுமில்லையா?" என்கிறார். தம்பி முடித்துவிடுகிறான். இதில் கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வங்கிகளில் ஒருவர் பதிவு செய்வது, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவது என்ற முறை உண்டு. அது அந்தப் பழைய இரண்டு சாவியின் மறுபிறவி. இருவர் பாஸ்வேர்டும் ஒருவருக்கே தெரிந்துவிட்டால் இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்குகின்றன என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. யார் பெயர் உள்ளே வந்ததோ அவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார் என்று தேதி, மணி, நிமிடத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். விசாரணை என்று வரும்போது, "நான் அப்போது கேன்டீனில் இருந்தேன்" என்ற வாக்குமூலம் அந்தப் பதிவின் முன் மிகவும் மெலிந்து நிற்கும்.

இந்த ஊர் ஃபோர்ட் பகுதியில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளை 2018-இல் உலகம் முழுவதும் பெயர் அடிபட்டது. வைர வியாபாரிகளுக்காக ஸ்விஃப்ட் வழியாக உறுதிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. வங்கியின் சொந்தக் கணக்குப் பதிவில் அவை ஏறவே இல்லை. இரண்டு கம்ப்யூட்டர் ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாததால், ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியதாகக் கணக்கிடப்பட்டது. அயல்நாட்டு ஹேக்கர் எவரும் இதில் தேவைப்படவில்லை. பல ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்த அதிகாரி ஓய்வு பெற்றுப் போனபின், அடுத்து வந்தவர், "கடிதம் வேண்டுமானால் முழுத் தொகைக்கும் ஈடு வையுங்கள்" என்றார். "முன்பெல்லாம் கேட்டதில்லையே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில்தான் அத்தனையும் அவிழ்ந்தது. ரிசர்வ் வங்கி பின்னர் ஸ்விஃப்ட் விதிகளைச் சரியாக நிறைவேற்றாததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்தத் தொற்று ஒரு கிளையோடு நிற்கவில்லை என்பதற்கு அந்த 36 என்ற எண்ணே சாட்சி.

போனவர் சாவி

வேலையை விட்டுப் போனவரின் சாவி என்ன ஆகிறது என்பது தனிக் கதை. அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சி வரை சுமார் 8,850 கிலோமீட்டருக்கு எண்ணெய்க் குழாய் போட்டு நடத்தும் நிறுவனம் கொலோனியல் பைப்லைன். அந்நாட்டின் கிழக்குக் கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதம் அதன் வழியாகப் போகிறது. 2021 மே 7-ஆம் தேதி அந்தக் குழாயை நிறுத்த வேண்டி வந்தது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்காக எப்போதோ கொடுக்கப்பட்டு, பிறகு எவரும் உபயோகிக்காமல் கிடந்த ஒரு கணக்கே நுழைவாயில். அதன் பாஸ்வேர்டு எங்கோ கசிந்த பட்டியல் ஒன்றில் இருந்தது. பாஸ்வேர்டுக்கு மேல் கைபேசியில் வரும் இரண்டாவது சரிபார்ப்பும் அந்தக் கணக்குக்குக் கிடையாது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பிணைப்பணம் கொடுத்தது. அதில் சுமார் 23 லட்சத்தை அரசு பின்னர் மீட்டது.

கோடி கோடியாகச் செலவு செய்து பாதுகாப்புச் சாதனம் வாங்கும் நிறுவனங்களில்கூட, ஓய்வு பெற்றவர், மாற்றலாகிப் போனவர், காண்ட்ராக்ட் முடிந்தவர் ஆகியோரின் பெயர்களை நீக்கும் வேலை யாருடையது என்பதில் தகராறு. பர்சனல் பிரிவு கம்ப்யூட்டர் பிரிவைக் காட்டும். அவர்கள் காண்ட்ராக்டரைக் காட்டுவார்கள். சம்பளப் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுக்க ஒரு நாள் தாமதிக்காதவர்கள், அவருடைய சாவியை எடுக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிவண்டி கிடங்கும் 'கிளவுட்'டும்

'கிளவுட்' என்று இப்போது எல்லோர் வாயிலும் ஒரு சொல் அடிபடுகிறது. மேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிவண்டியில் கிடங்கு வாடகைக்கு எடுப்பதைப் போன்ற விவகாரம் அது. சொந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர்களை வாங்கி வைத்துக் காப்பதற்குப் பதிலாக, அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களின் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்களில் இடம் பிடித்துத் தங்கள் கணக்குகளை வைத்துக்கொள்கிறார்கள். சுவர், கூரை, வாட்ச்மேன் எல்லாம் கிடங்குக்காரர் பொறுப்பு. தன் ஷட்டரைப் பூட்டுவதும், சாவி யாரிடம் என்று பார்த்துக்கொள்வதும் வாடகைதாரர் பொறுப்பு. இதுதான் ஒப்பந்தம். வாடகைதாரர்கள் அடிக்கடி மறப்பதும் இதையே.

2019-இல் கேப்பிடல் ஒன் என்ற அமெரிக்க வங்கியிலிருந்து சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடாக்காரர்கள் பற்றிய விவரம் திருடு போயிற்று. அந்த வங்கி அமேசானின் கிடங்கில் இடம் பிடித்திருந்தது. காவலுக்கு வைத்த மென்பொருளின் அமைப்பில் தவறு. அதோடு, அந்தக் காவல் மென்பொருளுக்குத் தேவைக்கு மிஞ்சி எல்லா அறைகளையும் திறக்கும் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம் லாக்கர் சாவியும் கொடுத்தது போல. வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம்.

2024-இல் நடந்தது இன்னும் எளிது. ஸ்னோஃப்ளேக் என்ற நிறுவனத்திடம் பல பெரிய கம்பெனிகள் தங்கள் கணக்கு விவரங்களை வைத்திருந்தன. சுமார் 165 வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு ஆபத்து நேர்ந்திருக்கலாம் என்று எச்சரிக்கை போயிற்று. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யின் ஏறக்குறைய எல்லாக் கைபேசி வாடிக்கையாளர்களும் யார் யாருடன் பேசினார்கள் என்ற பதிவுகள் பறிபோயின. விசாரித்தவர்கள் கண்டது என்ன? ஸ்னோஃப்ளேக்கின் சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. ஊழியர்கள், ஒப்பந்தக்காரர்களின் கம்ப்யூட்டர்களில் எப்போதோ புகுந்த திருட்டு மென்பொருள் பாஸ்வேர்டுகளைச் சேகரித்து விற்றிருந்தது. சில பாஸ்வேர்டுகள் 2020-லேயே திருடப்பட்டவை. நாலு ஆண்டுகளாக எவரும் மாற்றவில்லை. இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. திருடர்கள் வாசல் வழியாக, சாவி போட்டுத் திறந்து, உள்ளே போனார்கள்.

பட்டறையின் ஜன்னல்

மென்பொருள் எழுதும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்யும் பட்டறையே திறந்து கிடந்தால் என்ன ஆகும்?

2024 ஜூலை கடைசியில், நம் நாட்டில் சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்ப முடியவில்லை. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் சேவை வழங்கிய சி-எட்ஜ் என்ற நிறுவனத்தில் பிணைப்பணக் கொள்ளையர் புகுந்துவிட்டார்கள். தொற்று பரவாதிருக்க, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்த நிறுவனத்தின் இணைப்பையே துண்டித்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் மீண்டும் கொடுத்தது. பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சி-எட்ஜுடன் சேர்ந்து பணியாற்றிய வேறொரு கம்பெனியில், புரோகிராமர்கள் மென்பொருளைச் சேர்த்துக் கோர்த்துச் சோதிக்கப் பயன்படுத்தும் 'ஜென்கின்ஸ்' என்ற கருவி சரியாக அமைக்கப்படாமல் இருந்ததாம். அங்கேதான் நுழைவு என்றது அந்த அறிக்கை. மாதச் சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்ப நின்ற ஒருவருக்கு, தன் வங்கி, அதன் சேவை நிறுவனம், அதன் கூட்டாளி, அங்கே ஒரு கருவி என்று இத்தனை கண்ணி இருப்பது எப்படித் தெரியும்? வங்கிக்கே முழுதாகத் தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்.

புரோகிராம்களுக்கும் சாவி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் விவரம் கேட்க வேண்டுமானால் அதற்கும் அடையாளம் காட்ட வேண்டும். அவசரக்கார புரோகிராமர் அந்தச் சாவியைத் தான் எழுதும் நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார். 2016-இல் ஊபர் வாடகைக் கார் நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது. புரோகிராமர்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடத்தில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு போய், 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினார்கள். நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை ஓராண்டு மூடி வைத்தது. மறைத்த குற்றத்துக்காக அதன் பாதுகாப்புத் தலைவர் 2022-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

இதைவிட ஆழமான வேலை 2020-இல் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் விவகாரம். டெக்சாஸில் உள்ள அந்தக் கம்பெனியின் பட்டறைக்குள் புகுந்து, அது வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் புதுப்பிப்பு மென்பொருளிலேயே விஷத்தைக் கலந்துவிட்டார்கள். கம்பெனியின் முத்திரையோடு வந்ததால் எவரும் சந்தேகிக்கவில்லை. சுமார் 18,000 நிறுவனங்கள்வரை அதை இறக்கிக்கொண்டன. அமெரிக்க அரசின் ஒன்பது துறைகள் உளவுக்கு ஆளாயின. ரஷ்ய உளவுத்துறையின் வேலை என்று அமெரிக்கா 2021-இல் அறிவித்தது.

அதைக் கண்டுபிடித்த விதம்தான் சுவாரஸ்யம். ஃபயர்ஐ என்ற நிறுவனத்தில் ஓர் ஊழியர் பெயரில் இரண்டாவதாக ஒரு கைபேசி பதிவாகியிருந்ததைப் பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் கவனித்தார். அந்த ஊழியரைக் கூப்பிட்டு, "புதுசாகப் போன் பதிவு செய்தீர்களா?" என்று கேட்டார். "இல்லையே" என்றார் அவர். அங்கே இழை பிடித்து இழுத்ததில் முழுச் சதியும் வெளிவந்தது. 2024 மார்ச்சில் இன்னொன்று. உலகத்தின் எண்ணற்ற கம்ப்யூட்டர்களில் இருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்ற சிறு மென்பொருளில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒரு முகம் தெரியாத ஆசாமி, ரகசியக் கதவு ஒன்றைச் செருகிவிட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற இஞ்சினியர், வழக்கமாக உள்ளே நுழைய எடுக்கும் நேரத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று எரிச்சல்பட்டு ஆராய்ந்ததில் அது சிக்கியது. அந்த ஆசாமி உண்மையில் யார் என்பது இன்றுவரை வெளியாகவில்லை.

தொலைபேசியில் வரும் திருடன்

இரண்டாவது சரிபார்ப்பு வைத்துவிட்டால் போதும் என்று நிறுவனங்கள் நிம்மதியடைந்த நேரத்தில் திருடர்கள் ஆட்களை அலுக்க வைக்கத் தொடங்கினார்கள். 2022 செப்டம்பரில் ஊபரின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைபேசிக்கு, "உள்ளே நுழைவது நீங்கள்தானா?" என்ற கேள்வி மீண்டும் மீண்டும் வந்தது. கடைசியில் அவர் ஒப்புதலை அழுத்திவிட்டார். 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் உள்ள எம்.ஜி.எம். ஓட்டல் குழுமத்துக்கு வந்த நஷ்டம் சுமார் 10 கோடி டாலர். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கடைகளில் ஆன்லைன் விற்பனை வாரக்கணக்கில் நின்றது. வெளி நிறுவனம் ஒன்றைச் சம்பந்தப்படுத்தி ஆள்மாறாட்டம் செய்து நுழைந்தார்கள் என்று அதன் தலைவர் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் முன் கூறினார்.

இந்த இடத்தில் நமக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. உலகத்துப் பெரிய நிறுவனங்களின் உதவி மையங்களில் கணிசமானவை பெங்களூர், புனே, சென்னை, மும்பை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. இரவு ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஒரு போன் வருகிறது. "நான் லண்டன் ஆபீஸ் டைரக்டர், போன் தொலைந்துவிட்டது, பத்து நிமிடத்தில் மீட்டிங், பாஸ்வேர்டை மாற்றிக் கொடு." மறுத்தால் புகார் போகும், கொடுத்தால் ஆபத்து. ஒரு அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தான் என்று அவனை அளக்கும் நிர்வாகம், எத்தனை பேரைச் சந்தேகப்பட்டு நிறுத்தினான் என்று அளப்பதில்லை. அழைத்தவரின் பதிவு செய்த எண்ணுக்குத் திருப்பி அழைத்துப் பேசு, அவருடைய மேலதிகாரியிடம் கேள் என்ற விதியை எழுத்தில் கொடுத்து, அதன்படி நடந்ததற்காக எவர் மீதும் நடவடிக்கை இல்லை என்றும் எழுதிக் கொடுத்தாலொழிய, குற்றத்தை அந்தப் பையன் தலையில் கட்டுவது நியாயமாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-சி பிரிவின்படி, இன்னொருவரின் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையெழுத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால் மூன்றாண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசரநிலைக் குழு பிறப்பித்த உத்தரவின்படி, கம்ப்யூட்டர் ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. சொந்தப் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழிமறிக்க வாய்ப்பு அதிகம்.

அந்த 180 நாள் பதிவை ஊழியர்கள் தங்களுக்கு எதிரான உளவு என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் பாஸ்வேர்டு உங்களிடமே இருந்திருந்தால், நீங்கள் செய்யாத காரியத்திலிருந்து உங்களை விடுவிக்கும் சாட்சியும் அதுதான். கடன் கொடுத்திருந்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். மேலதிகாரி பாஸ்வேர்டைக் கேட்டாலோ, தன் பாஸ்வேர்டில் வேலை பார்க்கச் சொன்னாலோ, "சார், எனக்கே அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கொடுத்து ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள், உடனே முடித்துவிடுகிறேன்" என்று மரியாதையாகவே சொல்லலாம். கம்ப்யூட்டர் பிரிவால் சில நிமிடங்களில் செய்யக்கூடிய காரியம் இது. சங்கங்கள் இருக்கும் இடங்களில் இந்தக் கோரிக்கையைச் சங்கத்தின் மூலமே வைக்கலாம். பஞ்சப்படியைப் போலவே இதுவும் ஊழியரின் பாதுகாப்பு விஷயம்தான்.

மாற்றலாகும்போதோ, காண்ட்ராக்ட் முடியும்போதோ, பி.எஃப். காகிதமும் அனுபவச் சான்றிதழும் கேட்டு வாங்குகிறோம். அதோடு, "என் பெயரில் உள்ள கம்ப்யூட்டர் கணக்குகள் அனைத்தையும் இன்ன தேதியோடு மூடிவிடவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பி, மூடியதாகப் பதிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பிய கடிதத்தின் நகல் போதும். அதை ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் உறையிலேயே போட்டு வைக்கலாம்.